நான் நிறுத்தி வைத்த பாய்லர் அலாரம்

1. கருவிகள் வந்த நாள்

எங்கள் அரிசி ஆலைக்கு அந்தக் கருவிகள் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. கட்டைவிரல் அளவில் சில சென்சார்கள், சுருட்டி வைத்த வயர்கள், சிம் கார்டு போட்ட ஒரு கேட்வே பாக்ஸ். அவ்வளவுதான். சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு இன்ஜினியர்களும் அவற்றை ஆபீஸ் மேஜைமேல் பரப்பியபோது முதலாளி தசரதன் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா வளரு, கம்மல் கடை மாரி கீது. இதுங்களா நம்ம மில்ல காப்பாத்தப் போவுது?"

என் முழுப்பெயர் வளர்மதி. ஊர் காவாந்தண்டலம். டிப்ளமோவில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு, உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கிற இந்தப் புழுங்கல் அரிசி ஆலையில் பதினெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மோட்டார் எரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பெல்ட் அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்டர்நெட்டில் இணைத்த கருவிகளை ஆலைகளில் பொருத்தும் வேலைக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள இதில் எனக்கு ஒன்றுமில்லை.

அரிசி வாங்கும் ஒரு பெரிய கம்பெனி டிரையரில் நெல்லின் ஈரப்பதத்தை நாள் முழுக்கப் பதிவு செய்து தரச் சொன்னது. அதற்காகத்தான் ஐயா இந்தக் கருவிகளை வாங்கினார். வாங்குவதுதான் வாங்குகிறோம், எல்லா இடத்திலும் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். டிரையரில் ஈரம், எலிவேட்டர் பேரிங்குகளில் சூடும் அதிர்வும், மோட்டார்களில் கரண்ட், பாய்லரில் பிரஷர், தண்ணீர் மட்டம், புகைபோக்கியின் சூடு. எல்லாம் கேட்வே வழியாக என் போனுக்கும் ஐயாவின் போனுக்கும் வரும். ஏதாவது எல்லை தாண்டினால் போனில் மெசேஜ் வரும், அந்த இடத்தில் ஹூட்டர் அலறும். ஹூட்டரை எங்கள் ஆட்கள் பெல்லு என்றார்கள்.

பாய்லரில் சென்சார் மாட்டியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தவர் கன்னியப்பன். எங்கள் பாய்லர் அட்டெண்டன்ட். சாலவாக்கம் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். உமி தள்ளும் கூலியாளாக இந்த ஆலைக்கு வந்தவர், பல வருடம் நெருப்பு முன்னால் நின்று வேலை பழகி, மூன்றாவது முறை எழுதிய பரீட்சையில் செகண்ட் கிளாஸ் அட்டெண்டன்ட் சான்றிதழ் வாங்கினார். அவர்கள் குடியிருப்பில் அரசாங்க முத்திரை வைத்த சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இன்ஜினியரிடம் அவர் கேட்டார்: "சார், இது தண்ணிய பாக்குதா, கரண்ட்ட பாக்குதா?"

"கரண்ட்டைத்தான். இந்தக் கம்பி தண்ணியில நனைஞ்சிருந்தா கரண்ட் போகும். தண்ணி கீழ இறங்கினா போகாது, உடனே அலாரம்."

"அப்ப கம்பிமேல உப்பு படிஞ்சா?"

இன்ஜினியர் திரும்பி அவரைப் பார்த்தார். "அப்பவும் கரண்ட் போகாது. தண்ணி இருந்தாலும் இல்லைன்னு காட்டும். அப்பப்ப க்ளீன் பண்ணணும்."

அன்று அங்கே நடந்த பேச்சில் முக்கியமானது இதுதான். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் மனதில் குறித்துக்கொள்ளவில்லை.

2. எலிவேட்டர் பேரிங்

முதல் ஆறு மாதம் அந்தக் கருவிகள் எங்களுக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஐயா ஐயங்கார்குளத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் பேனல் ரூமில் இருந்தேன். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப் பேரிங் சூடு ஏறுகிறது என்று மெசேஜ் வந்தது. போய்க் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. கிரீஸ் காய்ந்து பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. சுற்றிலும் உமித் தூசு ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. இன்னும் அரைமணி நேரம் ஓடியிருந்தால் தூசு பற்றியிருக்கும். எலிவேட்டர் ஒரு புகைபோக்கி மாதிரி நெருப்பை மேல்தளத்துக்கு இழுத்துப் போயிருக்கும்.

ஐயா பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். எரிந்த பேரிங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கண்ணுக்கு இது தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது ஐயா. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கினு இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் கம்மல் கடை என்று சொல்லவில்லை. டிரையரில் நெல் அதிகமாகக் காய்ந்து நொறுங்குவது பாதியாகக் குறைந்தது. மோட்டார் எரிவதற்கு முன்பே கரண்ட் ஏறுவது தெரிந்தது. எந்த மெஷின் எப்போது நிற்கும் என்று பயந்துகொண்டே வேலை செய்த காலம் போய்விட்டது. இனி எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது.

3. பொய் அலாரம்

நவரைப் பட்ட நெல் வந்து குவிகிற நேரம். ஆலை ஒரு நாளும் நிற்கவில்லை. அப்போதுதான் பாய்லரின் தண்ணீர் மட்ட அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

முதல் முறை அடித்தபோது ஓடினேன். கன்னியப்பன் கேஜ் கிளாஸைக் காட்டினார். பாய்லரின் முகத்தில் நிற்கிற கண்ணாடிக் குழாய் அது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். பாதிக்குமேல் தண்ணீர் நின்றது.

"தண்ணி கீதுக்கா. கம்பிலதான் உப்பு."

சாயங்காலம் பாய்லர் ஆறியதும் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. தேய்த்துத் துடைத்து மாட்டினேன். நின்றது. நான்கு நாள் கழித்து மறுபடி அடித்தது. மறுபடி துடைத்தேன். பிறகு மூன்று நாளில், பிறகு இரண்டு நாளில். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. கன்னியப்பன் ஒவ்வொரு முறையும் கிளாஸைப் பார்ப்பார், தண்ணீர் இருக்கும், ஹூட்டரை நிறுத்தச் சொல்வார். ஆலையில் அதற்குப் 'பேஜார் பெல்லு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை கன்னியப்பன் என்னிடம் வந்தார்.

"யக்கா, ரெண்டு கிளாஸுல ஒண்ண ஏற்கெனவே லீக்குன்னு மூடி வெச்சிகீறோம். இந்த ஒரு கிளாஸ நம்பித்தான் ஓட்டிக்கினு கீறேன். இதுல தண்ணி ஆடவே மாட்டேங்குது."

ஓடுகிற பாய்லரில் கிளாஸ் தண்ணீர் கொஞ்சம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் கீழ் வழியில் அடைப்பு இருக்கலாம்.

"ஊதிப் பாத்தியா?" கிளாஸின் அடியில் இருக்கிற காக் என்ற திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, மூடியதும் திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பதைத்தான் ஊதுவது என்போம்.

"தெனம் காலைல ஊதறேன். தண்ணி போயிட்டு வருது. ஆனா மெல்லமா ஏறுது. ஒரு நாளு முழுக்க நிறுத்தி, தண்ணிய வடிச்சி க்ளீன் பண்ணிட்டா நல்லா இருக்கும்."

நான் ஐயாவிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் குவிந்திருந்த நெல்லைக் காட்டினார்.

"மானம் வேற கறுத்துக்கினு கீது. இந்த நெல்லு நனைஞ்சா நம்மள நம்பிப் போட்டவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பத்து நாளு பொறுத்துக்கம்மா. இந்த லாட்டு முடியட்டும்."

அவர் சொன்னது பொய்யில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அந்த வியாழக்கிழமை அரிசி வாங்கும் கம்பெனியிலிருந்து தர அதிகாரிகள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் டிரையர் பக்கம் நிற்கும்போது பாய்லர் ஹூட்டர் அலறியது. கிளாஸில் தண்ணீர் இருந்தது. நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் மறுபடி அலறியது. மூன்றாவது முறை ஐயா வேகமாக என்னிடம் வந்தார்.

"எம்மா, அத்த மொதல்ல நிறுத்து. வந்தவங்க இன்னா நெனைப்பாங்க?"

போனில் அந்த அலாரத்தைத் திறந்தேன். 'மியூட்' என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் காரணம் கேட்கும். 'புரோப் க்ளீனிங் பாக்கி' என்று அடித்தேன்; புரோப் என்பது அந்தக் கம்பி. அதோடு ஹூட்டரும் நின்றது, மெசேஜும் நின்றது. அந்த மியூட்டுக்கு நேர எல்லை கிடையாது. நாமாகத் திறக்கும்வரை திறக்காது.

பாய்லர் கொட்டகையைத் தாண்டி வரும்போது கன்னியப்பன் கேட்டார்: "சரி பண்ட்டியாக்கா?"

"ம்" என்றேன்.

சாயங்காலம் துடைத்துவிட்டுத் திறந்துவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். சாயங்காலம் எலிவேட்டர் கியர்பாக்ஸ் உடைந்தது. மறுநாளும் அதே வேலை. நான் மறந்துபோனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அலாரம் அடிக்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால் நினைக்கவில்லை.

4. சனிக்கிழமை காலை

ஒன்பதே கால் இருக்கும். பேனல் ரூமில் நாஷ்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு டிரையர் ஈரத்தைப் பார்க்கப் போனைத் திறந்தேன். பாய்லர் கட்டத்தில் தண்ணீர் மட்டம் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் மியூட் குறி. அந்தப் பழைய பொய்தான் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டேன்.

அடுத்த கட்டம் புகைபோக்கியின் சூடு. அது எப்போதும் இருக்கும் இடத்தில் இல்லை. வரைபடத்தில் கோடு அரைமணி நேரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது; அலாரம் அடிக்கும் எல்லையை இன்னும் தொடவில்லை. நான் பார்க்கும்போதே இன்னும் ஏறியது.

புகைபோக்கி சூடாகிறது என்றால் நெருப்பின் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஒரு கம்பி பொய் சொல்லலாம். வேறொரு இடத்தில் இருக்கிற வேறொரு கருவி அதே பொய்யை அதே நேரத்தில் சொல்லாது.

ஓடினேன். கொட்டகையில் கன்னியப்பன் கேஜ் கிளாஸ் முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியில் பாதிக்குத் தண்ணீர், அசையாமல்.

"கன்னியப்பா, உள்ள தண்ணி இல்ல!"

"கீதுக்கா, பாரு."

"ஊதிப் பாரு!"

அவர் கீழ் காக்கைத் திறந்தார். கண்ணாடியில் இருந்த தண்ணீர் வடிந்தது. காக்கை மூடினார். தண்ணீர் திரும்பி ஏறவே இல்லை. கண்ணாடி வெறுமையாக நின்றது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவ்வளவு நேரம் கண்ணாடியில் நின்றது பழைய தண்ணீர். கீழ் வழி அடைத்துக்கொண்டதால் உள்ளே மட்டம் இறங்கியது அதில் தெரியவில்லை. அதை நம்பி அவர் பம்ப்பைப் போடாமல் இருந்திருக்கிறார்.

என் சத்தம் கேட்டு ஐயா வந்துவிட்டார். வெறும் கண்ணாடியைப் பார்த்தார்.

"தண்ணி வுடு, தண்ணி வுடு!" என்று கத்திக்கொண்டே பம்ப் ஸ்டார்ட்டரில் கை வைக்கப் போனார். கன்னியப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் ஐயாவைத் தொட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"கை வெக்காத நைனா! காஞ்சி கெடக்கற இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிடும். மொத்த மில்லும் பூடும். எல்லாரையும் கூட்டிக்கினு போ!"

அவிக்கும் கூடத்தில் எட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாய்லருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் அங்கே ஓடினேன். "எல்லாம் அப்படியே வுட்டுட்டு ரோட்டுக்குப் போங்க" என்று கத்தினேன். ஒருத்தி கூடையைத் தேடினாள், கையைப் பிடித்து இழுத்தேன். ஐயாவும் ஆட்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கன்னியப்பன் உமி வரத்தை நிறுத்தியிருந்தார். ஃபேனையும் நிறுத்தியிருந்தார். ஆனால் அடுப்புக்குள் எரிகிற உமிக் குவியல் அப்படியே இருந்தது. அவர் நீளமான இரும்பு வாரியால் அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"போதும் வந்துரு!"

"இன்னும் கொஞ்சந்தான்க்கா. நீ போ."

அடுப்பின் கூரையில் ஒரு சிறிய உலோக அடைப்பு உண்டு. தண்ணீர் வற்றினால் அது உருகி, ஆவியை நெருப்பின்மேல் விட்டு அணைக்கும். கடைசிப் பாதுகாப்பு அது. அந்த நிமிடம் அது உருகியது. பெரிய சீறல் கேட்டது. ஆவியும் கனலும் சேர்ந்து அடுப்பு வாயிலிருந்து வெளியே அடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதற்குள்ளிருந்து கன்னியப்பன் தானே நடந்து வந்தார். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

பாய்லர் வெடிக்கவில்லை. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஐயாவே அவரைத் தன் காரில் ஏற்றி, முதலில் உத்திரமேரூருக்கும் அங்கிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்.

5. அவர் கேட்ட கேள்வி

ஐந்தாம் நாள்தான் அவரைப் பார்க்க விட்டார்கள். கையிலும் மார்பிலும் கட்டு. அவர் மனைவி பச்சையம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன பழங்களை வாங்கிக் கீழே வைத்தார்.

கன்னியப்பன் முதலில் பெண்களைப் பற்றிக் கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். பிறகு கேட்டார்:

"யக்கா, அன்னிக்கி பெல்லு ஏன் அடிக்கல?"

அவரே தொடர்ந்தார்:

"நீ அத்த சரி பண்ட்டேன்னு சொன்ன இல்ல? ரெண்டு நாளா சத்தமே இல்ல. கிளாஸுல தண்ணி ஆடலன்னு ஒரு பயம் இருந்துச்சி. ஆனா பெல்லு அடிக்கலியே, அப்ப தண்ணி கீதுன்னு நெனச்சிக்கினேன். திரும்பக் கெட்டுப்பூச்சா அது?"

வரும் வழியெல்லாம் என் மறதியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பேஜார் பெல்லு அடித்துக்கொண்டிருந்தவரை அவர் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தார். அது நின்றதும், நான் சொன்ன ஒரு 'ம்' என்ற சொல்லால், அந்த அமைதியை நம்பினார். கருவியே இல்லாத காலத்தில் அவர் தன் பயத்தை நம்பியிருப்பார். நான் அதையும் எடுத்துவிட்டேன்.

"கெடல கன்னியப்பா. நான்தான் நிறுத்தி வெச்சேன். உன்கிட்ட சொல்லல."

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கன்னியப்பன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆபீசர் வந்தா, நான் காலைல ஆறு மணிக்கு கிளாஸ ஊதுனேன்னு மட்டும் சொல்லிடுக்கா. ஊதாத இருந்தேன்னு எய்திட்டாங்கன்னா சர்டிபிகேட்ட புடுங்கிடுவாங்க. அது போச்சின்னா திரும்ப உமி தள்ளத்தான் போவணும். இந்தக் கையால அதுவும் முடியாது."

6. விசாரணை

பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு முந்தைய நாள் ஐயா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அந்த ஒரு வாரத்தில் அவர் ரொம்ப இளைத்துப்போயிருந்தார்.

"வளரு, நான் அவன வுட்டுட மாட்டேன். ஆஸ்பத்திரி செலவு, வூடு, எல்லாம் என் பொறுப்பு. ஆனா அட்டெண்டன்ட்டு கிளாஸ ஒயுங்கா பாக்கலன்னு எய்திட்டா இது இத்தோட முடிஞ்சிடும். மில்லுக்கு சீல் வெச்சிட்டா அறுவது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். உன் பேரும் வெளிய வராது. யோசன பண்ணு."

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் ஆட்டியது. மறைக்க மாட்டேன் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. "பாக்கறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பேனல் ரூமில் உட்கார்ந்து அன்றைய பதிவைத் திறந்தேன். மியூட் செய்தாலும் பதிவு நிற்பதில்லை. சத்தம்தான் நிற்கும். தண்ணீர் மட்டம் எந்த நிமிடம் சிவப்பானது, புகைபோக்கி எந்த நிமிடம் ஏறியது, எல்லாம் வரிசையாக இருந்தது. அதற்கு மேலே இரண்டு நாள் முந்தைய ஒரு வரி: அலாரம் நிறுத்தப்பட்டது, பயனர் வளர்மதி, காரணம் புரோப் க்ளீனிங் பாக்கி. அந்த ஆலையில் இந்தப் பதிவை எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சனிக்கிழமை பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் யாரும் மேலே ஒரு பக்கம் இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை.

கன்னியப்பன் ஐயாவின் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ஓடிப்போயிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. இரண்டு மாதப் பதிவையும் முழுதாக பிரின்ட் எடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், குறைவாகப் பேசுகிறவர். நான் கொடுத்ததை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஐயா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இந்த பயனர் யாரு?"

"நான்தான் சார்."

"நிறுத்தினதை அட்டெண்டன்ட்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சார். அவரு கேட்டாரு, சரி பண்ட்டியான்னு. நான் 'ம்'னு சொன்னேன். காலைல ஆறு மணிக்கு அவரு கிளாஸ ஊதிகீறாரு. கிளாஸ் சரியில்லன்னு திங்கக்கெழமையே என்கிட்ட சொன்னாரு. நான் ஐயாகிட்ட சொன்னேன். லாட்டு முடியட்டும்னு வுட்டுட்டோம்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கொட்டகைக்குப் போய்க் கேஜ் கிளாஸின் கீழ் காக்கைக் கழற்றச் சொன்னார். அதன் வழியைக் கம்பியால் குத்தி, வந்ததை உள்ளங்கையில் தட்டினார். சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளையாக விழுந்தது. அதை என்னிடமும் ஐயாவிடமும் காட்டினார்.

"கம்பியில படிஞ்சதும் இதுதான், இங்க அடைச்சதும் இதுதான். போர் தண்ணியோட உப்பு. அதை எடுக்கிற சாஃப்ட்னர் வேலை செஞ்சு எத்தனை நாள் ஆச்சு? உங்க அலாரம் ரெண்டு மாசமா பொய் சொல்லல. பாய்லருக்குள்ள உப்பு கட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க கம்பியை மட்டும் தொடைச்சிருக்கீங்க."

எனக்கு அது விளங்க அவர் சொல்ல வேண்டியிருந்தது. துடைக்கும் நாட்களின் இடைவெளி நாலு, மூன்று, இரண்டு என்று குறைந்துகொண்டே வந்ததை நான்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஏன் குறைகிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

ஆலையின் பாய்லர் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஐயாவுக்கு நோட்டீஸ் வந்தது. என்னிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள், கொடுத்தேன். கன்னியப்பனின் சான்றிதழ்மேல் கை வைக்கவில்லை.

ஐயா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்று, "உன்ன என் பொண்ணு மாரி நெனச்சிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவர் மற்ற மில்காரர்களிடம் பேசி முற்றத்து நெல்லை அனுப்பி அவிக்கச் செய்தார். பெண்களுக்கு வேலை இல்லாத நாட்களிலும் கூலியை நிறுத்தவில்லை. புது சாஃப்ட்னர் வந்தது. குழாய்களை மாற்றினார்கள். இரண்டு கிளாஸும் புதிதாக வந்தன. தண்ணீர் அழுத்தச் சோதனை முடிந்து, நெருப்பு மூட்ட அனுமதி கிடைக்க நாலு மாதம் ஆயிற்று.

7. பிறகு

கன்னியப்பன் திரும்ப வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. வாரி பிடிக்க முடியாது என்பதால் நெருப்பு வேலைக்கு இன்னொருவரைப் போட்டார்கள். மட்டமும் பிரஷரும் பார்ப்பது இவர் பொறுப்பு. முதல் நாள் இடது கையால் இரண்டு கிளாஸையும் ஊதிப் பார்த்தார். தண்ணீர் இறங்கி உடனே ஏறி ஆடியது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். புதிய கம்பி, புதிய செட்டிங் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "இனிமே நிறுத்தறதா இருந்தா, சொல்லிட்டு நிறுத்துக்கா" என்றார்.

அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

மறுநாள் பாய்லர் கொட்டகையில் ஒரு கரும்பலகை மாட்டினேன். எந்த அலாரம் நிறுத்தியிருக்கிறது, யார் நிறுத்தினார், ஏன், எப்போது திறக்கும் என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் போனில் கை வைக்கக் கூடாது. ஒரே அலாரம் மூன்று முறை பொய்யாக அடித்தால் கருவியைத் துடைப்பதோடு நிற்காமல், அதைக் கெடுப்பது எது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வரியை அழிக்கக் கூடாது. இந்த இரண்டுதான் விதி. சென்னைக் கம்பெனிக்கும் எழுதினேன். இப்போது அவர்களுடைய மியூட் அரைமணி நேரத்தில் தானாகத் திறந்துகொள்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்தில் மற்ற ஆலைகளுக்கும், சாலவாக்கம் பக்கம் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்புக்கும் சென்சார் மாட்டப் போகிறேன். கூட வருகிற பிள்ளைகள் என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள். போனவுடன் பேனல் எங்கே, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். முதலில் அந்த மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கப் போகிற ஆள் யார் என்று கேட்டு, அவரைத் தேடிப் போய் என் பெயரைச் சொல்வேன், அவர் பெயரைக் கேட்பேன். இது எப்போது அடிக்கும், எப்போது பொய்யாக அடிக்கும், எப்போது அடிக்காமல் போகலாம் என்று அவருக்குப் புரியும்வரை சொல்வேன். அதற்குப் பிறகுதான் வயரைப் பிரிக்கச் சொல்வேன்.